காப்புப்படியில் விடுபடுவது எது? திருமலைச் செப்பேடுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

வீட்டுக் கணினியில் பேக்கப் மென்பொருளை முதன்முறை திறக்கும்போது அது கேட்பவை சில கேள்விகளே. எந்தக் கோப்புறைகளைப் படியெடுப்பது, படியை எங்கே வைப்பது, எவ்வளவு இடைவெளியில் எடுப்பது, பழைய படிகளை எத்தனை காலம் விட்டுவைப்பது? ஆய்வு மாணவர் பலர் இவற்றைப் படிக்காமலே ‘சரி’ என்று அழுத்திக் கடந்துவிடுகின்றனர். இவற்றுள் முதல் கேள்வி மிகப் பழையது. அதை எதிர்கொண்டவர்களின் தடயங்கள் திருப்பதியிலும் பழைய வடஆற்காட்டுப் பகுதியிலும் நிறையவே உள்ளன.

கோயிலை இடித்துக் கட்டினால் சுவரோடு ஆவணமும் அழியும். திருமழபாடியில் இந்நிலை வந்தபோது, முதலாம் இராசராசனின் 28ஆம் ஆட்சியாண்டில், விமானத்தின் கல்வெட்டுகள் ஏட்டில் படியெடுக்கப்பட்டன. அவை மீண்டும் சுவரேறியது முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில். இடையில் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஊரின் உரிமைகளுக்கு ஏட்டுப்படியே சான்றாக இருந்திருக்க வேண்டும். 1911 வரை சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வடஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது திருவல்லம். அங்குள்ள பல்லவர் காலச் சாசனம் ஒன்று, மண்டபம் புதுப்பிக்கப்படுமுன் இருந்த கல்வெட்டின் படி தான் என்பதைத் தானே கூறுகிறது. இத்தகைய படிகளில் செய்தி தப்பிவிடும், மூலத்தின் எழுத்தமைதி தப்பாது. படியெடுத்தவர் தம் காலத்து எழுத்தில் வெட்டினார். நிலத்தின் எல்லையும் கொடையின் அளவும் காக்கப்பட்டால் அவருக்குப் போதும். எழுத்து வடிவத்தைக் கொண்டு காலம் கணிக்க ஒரு துறை பிறக்கும் என்று அவர் ஏன் எண்ணியிருக்க வேண்டும்?

திருமலைச் செப்பேடுகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) முப்பத்தீராயிரம் சங்கீர்த்தனைகள் பாடினார் என்பது மரபு. அவர் மகன் பெத்த திருமலாச்சாரியார் பதினாறாம் நூற்றாண்டில் அவற்றைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்து, திருமலைக் கோயிலுக்குள்ளேயே சங்கீர்த்தன பண்டாரம் என்னும் கல்லறையில் வைத்தார். ஏறத்தாழ 2,500 ஏடுகள் கிடைத்துள்ளன. ஓலை செல்லரிக்கும், செம்பு அரிக்காது. ஊடகத் தேர்வில் இதைவிடச் சிறந்த முடிவு அக்காலத்தில் இயலாது. ஆனால் பெருந்தொகுதி முழுவதும் ஒரே மலையின் ஒரே அறையில் இருந்தது.

1816இல் வெளிவந்த தம் தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையில் ஏ. டி. கேம்பெல் இவ்வேடுகளைக் குறிப்பிடுகிறார். (திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் நிறுவிய குறிப்பு வந்ததும் இதே நூலில்தான்.) திருப்பதி ஏடுகளில் பழைய இலக்கண நூல் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் படி வரவழைத்தவருக்குக் கிடைத்தவை துதிப்பாடல்கள். அதன்பின் ஒரு நூற்றாண்டு கழித்தே, சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் முயற்சியால், ஏடுகள் ஆய்வுலகின் பார்வைக்கு முறையாக வந்தன.

ஏடுகளில் ஒவ்வொரு பாடலுக்கும் இராகப் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. மெட்டு அப்போது குடும்பத்தார் நாவில் இருந்தது. எல்லோரும் அறிந்ததை யார் செம்பில் வெட்டுவார்? பாடும் மரபு அற்றதும் சொல்லும் இராகப் பெயருமே எஞ்சின. இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பெரும்பாலானவை, ராள்ளப்பள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் இருபதாம் நூற்றாண்டில் அமைத்தவை. அவை அழகானவை, ஆனால் மீட்டெடுத்தவை அல்ல.

தமிழ் ஆய்வாளரின் கணினியில் இம்மெட்டின் இடத்தில் இருப்பது எழுத்துரு. யூனிகோடு பரவுமுன் தட்டச்சிட்ட பழைய தமிழ்க் கோப்புகளில் பலவற்றை, உரிய எழுத்துரு இல்லாவிட்டால், கணினி பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே காட்டும். தமிழ்நாடு அரசு 1999இல் டேம், டேப் குறியாக்கங்களை ஏற்று, 2010இல் யூனிகோடுக்கு மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளின் ஆய்வேடுகளும் களப்பதிவுகளும் இக்குறியாக்கங்களிலும், தனியார் எழுத்துருக்களின் தனித்தனி முறைகளிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. மாற்றி கொண்டு திருப்பலாம், ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிந்திருக்க வேண்டும்.

விண்டோஸின் ‘ஃபைல் ஹிஸ்டரி’ இயல்பாகப் படியெடுப்பது ஆவணங்கள், படங்கள், இசை, காணொளிகள், முகப்புத்திரை போன்ற பயனர் கோப்புறைகளை. மணிக்கொரு முறை எடுக்கும், நாம் மாற்றாதவரை பழைய படிகளை அழிக்காது. இவ்விரண்டு அமைப்பிலும் குறையில்லை. ஆனால் எழுத்துருக்கள் வழக்கமாக இருப்பது விண்டோஸ் கோப்புறைக்குள், அது அப்பட்டியலிலேயே இல்லை. வெளி ஹார்டு டிஸ்க் ஆண்டுக்கணக்காகத் தவறாமல் நிரம்பிக்கொண்டிருக்கும், எழுத்துரு மட்டும் அதில் ஏறியிருக்காது.

ஆகவே எழுத்துருக் கோப்புகளின் நகல்களை ஆவணக் கோப்புறைக்குள் ஆய்வேட்டின் பக்கத்திலேயே வைக்கலாம். எந்தக் கோப்புக்கு எது என்று ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதி வைக்கலாம். முக்கியமானவற்றுக்கு எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் ஒன்றும் யூனிகோடுப் படி ஒன்றும் தேவை. இன்னொரு படியை வேறு வீட்டிலோ வேறு ஊரிலோ வைக்க வேண்டும். மீட்டெடுப்பைச் சோதிக்க அதே கணினி பயன்படாது, அதில்தான் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறதே. அது நிறுவப்படாத நண்பர் ஒருவரின் கணினியில் ஹார்டு டிஸ்கைச் செருகி, பழைய கோப்பு ஒன்றைத் திறந்து முதல் பத்தியைப் படித்துப் பார்க்க வேண்டும்.