அல்லி இல்லாத பூவுக்குப் பேர் வந்த கதை

பசறை, ஹாலி-எல, தெமோதரைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் கச்சான் காற்றை மறித்து நிற்பது சவுக்கு மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, புத்தகப் பேர் கிரெவில்லியா ரோபஸ்டா. பூத்தால் செம்மஞ்சளாய்ச் சீப்புப் பல்போல வரிசை கட்டும், தேன் சொட்டும். ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்தால் புல்லி, அல்லி என்று இரண்டு வட்டம் இராது. நான்கு மடல்களோடு ஒரே வட்டம். மகரந்தப் பைகளும் அந்த மடல்களிலேயே ஒட்டியிருக்கும். இத்தகைய பூவைத் தாவரவியல் 'அபெட்டலஸ்' என்கிறது: அல்லியற்றது.

இல்லாததற்குப் பேர் வைக்க, இருப்பதற்கு முதலில் பேர் வேண்டும். நம் நிகண்டுகளில் அகவிதழ் அல்லி, புறவிதழ் புல்லி என்று தனித்தனிச் சொல் உண்டு. ஐரோப்பாவிலோ பூவிதழையும் வெகுகாலம் இலை என்றே எழுதினார்கள். நேப்பிள்ஸில் பிறந்த ஃபாபியோ கொலோன்னாதான் 17ஆம் நூற்றாண்டில், மெல்லிய தகட்டையும் இலையையும் குறித்த கிரேக்கச் சொல்லை எடுத்து, 'பெட்டலம்' என்று இதழுக்கே ஒதுக்கினார். இங்கிலாந்தில் ஜான் ரே அதை வழக்கில் நிறுத்தினார். 1694இல் பிரான்சின் தூர்ன்ஃபோர் இதழுள்ள பூ, இதழற்ற பூ என்று பிரித்தபோது, முன்னால் ஓர் 'அ' ஏறியது. 'அதர்மம்' என்ற சொல்லில் 'அ' செய்கிற வேலைதான் அதற்கும்.

1789இல் பாரிஸின் ஜூஸியூ அந்த இல்லாமையையே ஒரு கூட்டமாக்கினார்: 'அபெட்டலே'. சவுக்கின் குடும்பம் அதற்குள் போனது. 1862 முதல் 1883 வரை வெளிவந்த பெந்தம், ஹூக்கர் நூலில் அது 'மோனோகிளாமிடியே' ஆயிற்று; ஒற்றைப் போர்வை என்று பொருள். தமிழ்நாட்டார் சவுக்கு என்பது வேறு மரம், கேசுவரினா. அதற்கும் அல்லி இல்லாததால் இரண்டு சவுக்கும் ஒரே அறையில் சேர்ந்தன.

அந்த அறை நிலைக்கவில்லை. வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியே அல்லியில்லாமல் ஆனவை. ஒரே குறை இருப்பதால் உறவாகிவிடாது. கூட்டம் கலைந்தது, பூவின் அடையாளமாகச் சொல் மட்டும் தங்கிவிட்டது. மரபணுவை வைத்து 1998இல் வெளியான புது வகைப்பாடு, மலைச் சவுக்கின் குடும்பத்தை அதன் உண்மையான சொந்தத்தோடு ஒரே வரிசையில் வைத்தது. அந்தச் சொந்தம், இதழ்மேல் இதழ் அடுக்கிய தாமரை.