பாதுகாப்பான நாட்களின் கணக்கும் இளையோரின் உடலும்

இயற்கைக் கருத்தடை முறைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற விவாதம் பெரும்பாலும் ஒரு சதவீதத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சதவீதம் யாரிடம், எந்த நிபந்தனையின் கீழ் அளக்கப்பட்டது என்று கேட்போர் குறைவு. குறிப்பிட்ட வகைப் பெண்களிடம் கிடைத்த எண்ணைப் பதின்பருவத்தினருக்கும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்போருக்கும் அப்படியே பொருத்துவது பிழை. இம்முறைகள் இளையோரிடம் தவறுவதற்குக் காரணம் அவர்களின் கவனக்குறைவு மட்டுமல்ல, முறையின் கணக்கே அவர்கள் உடலுக்குப் பொருந்தாததுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1920களில் ஜப்பானின் கியூசாகு ஓகினோவும் ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸும் தனித்தனியே கண்டறிந்த உண்மையே நாட்காட்டி முறைக்கு அடிப்படை: கருமுட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு. விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். முட்டை ஒரு நாள்கூடத் தாங்காது. ஆகவே ஒரு சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் சுமார் ஆறு. ஆனால் ஓகினோவின் கணக்கு அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. பயன்படுத்துபவரோ கடந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார். சுழற்சியின் நீளம் மாறாதவரைதான் இரண்டும் ஒரே விடை தரும்.

இந்த முறையின் செம்மையான வடிவம் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் உருவாக்கிய நிலைநாள் முறை. மணிமாலை கொண்டு எண்ணும் எளிய முறை அது. சுழற்சியின் 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை பாதுகாப்பற்ற உறவைத் தவிர்க்க வேண்டும். பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் நாடுகளில் 478 பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், விதிப்படி கடைப்பிடித்தவர்களிடையே ஓராண்டில் ஏறத்தாழ 5 சதவீதத்தினரும், வழக்கமான பயன்பாட்டில் 12 சதவீதத்தினரும் கருவுற்றனர். சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் இருக்கும் பெண்களுக்கே இம்முறை உரியது என்பது ஆய்வின் நிபந்தனை. ஆய்வு செய்தவர்கள் இதை மறைக்கவில்லை. எண்ணைப் பரப்பியவர்கள்தான் நிபந்தனையை உதிர்த்துவிட்டார்கள்.

பூப்பெய்திய பின் முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரையிலான சுழற்சி இயல்பென்றே மருத்துவம் கொள்கிறது. 40 நாள் சுழற்சியுள்ள பெண்ணுக்குக் கருமுட்டை வெளிப்படுவது 26ஆம் நாளையொட்டி. கருத்தரிக்கக்கூடிய நாட்கள் 21 முதல் 26 வரை. அந்த ஆறு நாட்களையும் மணிமாலை 'பாதுகாப்பானவை' என்று காட்டும். 22 நாள் சுழற்சியிலோ மாதவிடாய் ஓய்வதற்கு முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது. இத்தகைய சுழற்சியுள்ளவர்களுக்கு இம்முறை சற்றுக் குறைவாகப் பயன்தருகிறது என்று சொல்வது போதாது. ஆபத்தான நாளைக் காட்டியே பயமில்லை என்கிறது. இருபது வயதுக்குள் பலருக்குச் சுழற்சி சீராகிவிடுவது உண்மைதான். ஆனால் தேர்வுக்கால விழிப்பு, உடல் எடை மாற்றம், நீர்க்கட்டி என வழக்கில் சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ்., இடையில் விழுங்கிய அவசரக் கருத்தடை மாத்திரை ஆகியவை அந்தச் சீரைக் கலைக்கக்கூடியவை.

உடல் வெப்பத்தையும் கருப்பைவாய்ச் சளியையும் சேர்த்துக் கவனிக்கும் முறை இதைவிடப் பன்மடங்கு மேலானது. 2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், 900 பெண்களிடையே விதிப்படி பயன்படுத்தியபோது ஓராண்டில் கருவுற்றவர் 0.4 சதவீதம் மட்டுமே. ஆனால் அவர்கள் முறையாகப் பயிற்சி பெற்று, நாள்தோறும் குறித்துவைத்தவர்கள். நால்வர் தங்கும் விடுதி அறையில், காய்ச்சலும் தூக்கமின்மையும் ஊடாடும் வாழ்வில், எழுந்தவுடன் வெப்பமானியை வாயில் வைக்கும் ஒழுங்கை எத்தனை பேர் மாதக்கணக்கில் காப்பார்கள்?

செயலிகள் இந்தச் சுமையைக் குறைப்பதாக வந்தன. ஸ்வீடனின் 'நேச்சுரல் சைக்கிள்ஸ்' அவற்றுள் புகழ்பெற்றது. 2017இன் இறுதி மாதங்களில் ஸ்டாக்ஹோம் மருத்துவமனை ஒன்றில் கருக்கலைப்பு நாடிய 668 பேரில் 37 பேர் அச்செயலியைப் பயன்படுத்தியவர்கள் என்ற செய்தி பெரும் சர்ச்சையானது. விசாரித்த ஸ்வீடன் மருந்து முகமை, கருவுற்றோர் எண்ணிக்கை நிறுவனம் அறிவித்திருந்த தோல்வி வீதத்துக்கு உட்பட்டதே என்றது. அந்த வீதம் வழக்கமான பயன்பாட்டில் ஆண்டுக்கு 7 சதவீதம். முகமை சொன்னது சரியே. ஆயினும் மொத்தப் பயனர்களின் சராசரி, பத்தொன்பது வயதுப் பெண்ணின் ஆபத்தைச் சொல்லாது. மேலும் ஓராண்டு எண் ஏமாற்றக்கூடியது: நிலைநாள் முறையின் ஆண்டுக்கு 12 சதவீதத் தோல்வி அப்படியே நீடித்தால் மூன்றாண்டில் அது ஏறத்தாழ 32 சதவீதமாகும்.

விந்து வெளிப்படுமுன் ஆண் விலகிக்கொள்ளும் விலகல் முறையைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. வழக்கமான பயன்பாட்டில் ஐந்தில் ஒருவர் ஓராண்டில் கருவுறுகிறார். கட்டுப்பாடு முழுவதும் ஆணின் கையில், விளைவு முழுவதும் பெண்ணின் உடலில். இந்த முறைகளில் எதுவும் பால்வினை நோய்களைத் தடுப்பதுமில்லை.

ஹார்மோன் மாத்திரையின் பக்கவிளைவுக்கு அஞ்சியோ, மருந்துக்கடையில் ஆணுறை கேட்கக் கூசியோ இயற்கை முறைகளை நாடுவோரை அறியாதவர்கள் என்று தள்ளுவது நேர்மையல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) காட்டும் இந்திய நிலையில், மணமான பெண்களில் 66.7 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு முறையையும் 56.5 சதவீதத்தினர் நவீன முறையையும் பயன்படுத்தினர். இடைவெளியான பத்து சதவீதம் பாரம்பரிய முறைகளுக்குரியது. மணமாகாத இளையோர் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். உடலின் சுழற்சியை அறிவது ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை. பள்ளியிலேயே அதைக் கற்பிக்க வேண்டும். அந்த அறிவையே கருத்தடையாக இளையோரிடம் கொடுத்துவிடக் கூடாது. அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஆணுறையும், தவறினால் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரையும். நம் ஆய்விதழ்களும் நலவாழ்வுக் கையேடுகளும் இயற்கை முறைகளின் தோல்வி வீதத்தை அச்சிடும்போது, ஆய்வில் சேர்ந்தோரின் வயதையும் சுழற்சி நீளத்தையும் அதே வரியில் அச்சிட வேண்டும்.