நான் சொல்லிக்கொடுக்காத வரலாறு



ஆப்பிரிக்கா பாடம் நடத்தும்போது, காங்கோ ஆற்றுவழியே பயணம் செய்த ஸ்டான்லியை உங்களுக்குப் பெரிய வீரராகச் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஆற்றங்கரை மக்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அதை நேரில் போய்க் கேட்ட ஒருவரைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ். 1849-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். 14 வயதிலேயே வேறு பெயரில் உள்நாட்டுப் போரில் சேர்ந்துவிட்டார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. இருபது வயதுக்குப் பிறகு உட்கார்ந்து படித்து, 1874-இல் நியூட்டன் இறையியல் கல்லூரியில் தேர்ச்சி பெற்றார். அங்கே படித்து முடித்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். போதகரானார். 1879-இல் ஒஹையோ மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். தம் இனத்தின் வரலாற்றை இரண்டு பெரிய பாகங்களாக எழுதினார்.

1889-இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டைச் சந்தித்தார். காங்கோவைத் தம் சொந்த உடைமைபோல வைத்திருந்தவர் அந்த மன்னர். ‘அந்த மக்களுக்கு நன்மை செய்யவே ஆள்கிறேன்’ என்ற அவருடைய பேச்சை வில்லியம்ஸும் நம்பினார். ஆனாலும் நேரில் பார்க்க வேண்டும் என்று மறு ஆண்டே புறப்பட்டார்.

மன்னர் சொன்ன நன்மைகளை அங்கே தேடினார், கிடைக்கவில்லை. எரிக்கப்பட்ட ஊர்களையும் அடிமை வேலையையும் கண்டார். கோட்டுக்குள் மின்கம்பியை மறைத்துக் கைகுலுக்கி, ‘வெள்ளையரின் பலம் இது’ என்று ஊர்த் தலைவர்களை மிரட்டியதையும், சில பெட்டி மதுவுக்கு நிலங்களை எழுதி வாங்கியதையும் கேட்டறிந்தார். ஸ்டான்லியின் பெயரைச் சொன்னாலே மக்கள் நடுங்கினார்கள் என்றும் எழுதினார்.

1890 ஜூலையில் மன்னருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். தாம் ஏமாந்ததையும் அதில் மறைக்கவில்லை. மன்னரின் ஆட்கள் அவரைத் தூற்றினார்கள். மறு ஆண்டு, 41 வயதில், இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் நோயால் இறந்தார். 1908-இல் காங்கோ மன்னர் கையை விட்டுப் போனது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1975 வரை அவர் கல்லறையில் பெயர்க் கல்கூட இல்லை.

நம்பியது தவறு என்று தெரிந்ததும் அதை எழுதி ஒப்புக்கொண்டார் வில்லியம்ஸ். எனக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகளே, அந்தப் பாடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஸ்டான்லியைச் சொல்லும்போது வில்லியம்ஸையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்