கார்ட்ரைடர்: ஒரு நாடே ஓட்டிய பந்தய வண்டி

2023-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி தென்கொரியாவில் ஒரு கணினி விளையாட்டு நிறுத்தப்பட்டது. அதன் பெயர் கார்ட்ரைடர். 2004-ல் தொடங்கிப் பதினெட்டு வருடங்களுக்கு மேல் ஓடிய இணையப் பந்தய விளையாட்டு அது. விளையாடியவர்கள் வருடக்கணக்கில் சேர்த்த வண்டிகள், படிப்படியாக ஏறி வந்த நிலைகள், நண்பர்களின் பெயர்ப்பட்டியல் எல்லாம் அந்த ஒரே நாளில் போயின.

விளையாட்டுதானே, இதற்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்று கேட்கலாம். ஆனால் இதன் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கார்ட்ரைடரை ஒரு நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தது எதுவோ, அதுவேதான் கடைசியில் அதை இல்லாமலும் ஆக்கியது.

ஆரம்பம் ஜப்பானில்

கோ-கார்ட் என்பது தரையோடு தரையாக ஓடும் கூரையில்லாத சிறிய பந்தய வண்டி. இதை வைத்து வீடியோ கேமில் ஒரு தனி வகையையே உருவாக்கியது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம். 1990-ல் அது வெளியிட்ட 'எஃப்-ஜீரோ' அதிவேகப் பந்தய விளையாட்டு. ஆனால் அதை ஒருவர் மட்டும்தான் விளையாட முடியும். இரண்டு பேர் சேர்ந்து விளையாட என்ன செய்யலாம் என்று யோசித்தபோது ஒரு சிக்கல் வந்தது. டிவி திரையை இரண்டாகப் பிரித்தால், அன்றைய கருவியின் திறனுக்கு அத்தனை வேகமும் அத்தனை நீளமான பாதையும் சாத்தியமில்லை. பாதை சிறியதாக, வளைந்து வளைந்து போக வேண்டும். வண்டியும் சிறியதாக இருக்க வேண்டும். அப்படி வந்து சேர்ந்ததுதான் கார்ட்! 1992-ல் 'சூப்பர் மாரியோ கார்ட்' வெளியானது.

வாழைப்பழத் தோலைப் போட்டுப் பின்னால் வருபவரை வழுக்க வைப்பது, ஆமை ஓட்டை எறிந்து முன்னால் போகிறவரைக் கவிழ்ப்பது போன்ற குறும்புகள் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார் என்பது இதில் கிடையாது. கடைசியில் வருபவருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. அண்ணனும் தம்பியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து விளையாட ஏற்ற விளையாட்டு.

கொரியாவின் நிலைமை வேறு

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்தக் கசப்பு காரணமாக, விடுதலைக்குப் பிறகும் ஜப்பானியத் திரைப்படம், பாடல், காமிக்ஸ், வீடியோ கேம் போன்றவற்றுக்குத் தென்கொரியாவில் நீண்ட காலம் தடை இருந்தது. 1998 அக்டோபரில்தான் தடையைப் படிப்படியாகத் தளர்த்தத் தொடங்கினார்கள். நான்காவது கட்டத் தளர்வு 2004 ஜனவரியில் வந்தது. ஆகவே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போல வீட்டுக்கு வீடு கேம் கருவி என்ற நிலை கொரியாவில் ஏற்படவில்லை.

அந்த இடத்தை நிரப்பியது கணினி. 1997-ல் ஆசியப் பொருளாதார நெருக்கடி கொரியாவைக் கடுமையாகத் தாக்கியது. வேலை இழந்தவர்களில் பலர் கையிலிருந்த பணத்தைப் போட்டு 'பீசி பாங்' திறந்தார்கள். பாங் என்றால் கொரிய மொழியில் அறை. நம்மூர் பிரவுசிங் சென்டர் மாதிரிதான், ஆனால் அங்கே வருபவர்கள் பெரும்பாலும் விளையாடவே வருவார்கள். 1998-ல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' இந்தக் கடைகளை நிரப்பியது. சில வருடங்களில் நாடு முழுவதும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பீசி பாங்குகள் முளைத்தன. அரசும் அதிவேக இணையத்துக்கு முக்கியத்துவம் கொடுத்தது. 2002-ல் அதிவேக இணைப்புகளின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டது.

அதாவது மாரியோ கார்ட் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்த இருவருக்காகப் பிறந்தது. கொரியாவிலோ விளையாடுபவர்கள் ஆளுக்கொரு கணினி முன்னால், இணையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு கார்ட் விளையாட்டு அதுவரை இல்லை.

நெக்ஸான் வருகிறது

இந்த இடைவெளியைப் பிடித்தது சியோலின் நெக்ஸான் நிறுவனம். கிம் ஜுங் ஜூ, சாங் ஜே கியோங் இருவரும் 1994-ல் தொடங்கியது. 1996-ல் வெளியான இவர்களுடைய 'காற்றின் ராஜ்ஜியம்' உலகின் ஆரம்பகால இணைய விளையாட்டுகளில் ஒன்று. 2001-ல் 'கிரேஸி ஆர்கேட்' என்ற விளையாட்டில் தாவோ, பாஸி என்ற குட்டிக் கதாபாத்திரங்களை அறிமுகப்படுத்தினார்கள். தண்ணீர் குண்டு வைத்து எதிரியைக் குமிழிக்குள் அடைப்பதுதான் அந்த விளையாட்டு. அது சிறுவர்களிடம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதே குட்டிகளை வண்டியில் ஏற்றி 2004-ல் கார்ட்ரைடரை வெளியிட்டார்கள்.

மாரியோ கார்ட்டைப் பார்த்துச் செய்தது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. வாழைப்பழம் முதல் ஏவுகணை வரை பார்த்தால் அந்த விமர்சனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கார்ட்ரைடரில் புதிதாகவும் சில விஷயங்கள் இருந்தன.

முதலாவது, ஒரு அறையில் எட்டுப் பேர் வரை இணையம் வழியாகப் போட்டியிடலாம். நின்டெண்டோவின் கார்ட் விளையாட்டு இணையத்துக்கு வந்ததே 2005-ல் 'மாரியோ கார்ட் டிஎஸ்' வெளியானபோதுதான். அதிலும் இணையத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்குத்தான் இடம்.

இரண்டாவது, இரண்டு வகைப் பந்தயங்கள். ஒன்று பொருள் பந்தயம். இதில் தண்ணீர் குண்டு, ஏவுகணை, எதிரியின் இடது வலது பொத்தான்களை மாற்றிவிடும் பூதம் எல்லாம் உண்டு. இன்னொன்று வேகப் பந்தயம். இதில் எந்தப் பொருளும் கிடையாது. வளைவில் ஷிப்ட் பொத்தானை அழுத்திச் சறுக்க வேண்டும். சறுக்கச் சறுக்க ஒரு மானி நிரம்பும். நிரம்பினால் நைட்ரோ கிடைக்கும். கண்ட்ரோல் பொத்தானை அழுத்தினால் வண்டி பாய்ந்து போகும். அதிகமாகச் சறுக்கினால் வேகம் குறையும், குறைவாகச் சறுக்கினால் நைட்ரோ கிடைக்காது. இந்தக் கணக்கைப் பழகுவதற்கே மாதங்கள் ஆகும். முதல் வகையில் ஆறு வயதுக் குழந்தையும் ஜெயிக்கலாம். இரண்டாவது வகையில் உழைத்தவர்தான் ஜெயிக்க முடியும்.

இணையப் பந்தயத்தில் தாமதம் என்பது பெரிய எதிரி. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 50 மீட்டர் கடக்கும். செய்தி வந்து சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானாலே வண்டி 5 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்! சதுரங்கம் போன்ற விளையாட்டுக்கு இது பொருட்டே இல்லை. பந்தயத்தில் இதுவே வெற்றி தோல்வி. சிறிய நாடு, நல்ல இணைப்பு என்ற இரண்டும் கொரியாவுக்குக் கைகொடுத்தன.

நுழைவது இலவசம்

எல்லாவற்றையும் விட முக்கியமானது மூன்றாவது விஷயம். கார்ட்ரைடர் விளையாடக் காசு தேவையில்லை. குறுந்தகடு வாங்க வேண்டாம், மாதச் சந்தா கட்ட வேண்டாம். தரவிறக்கி, பெயரைப் பதிவு செய்து ஓட்ட வேண்டியதுதான். நல்ல வண்டி, உடை, அலங்காரம் வேண்டுமென்றால் பந்தயம் ஓட்டிச் சம்பாதித்த விளையாட்டுப் பணத்திலோ அல்லது நிஜப் பணத்திலோ வாங்கலாம்.

இந்த வழியை நெக்ஸான் ஏற்கெனவே பழகியிருந்தது. 1999-ல் வெளியிட்ட 'க்விஸ்க்விஸ்' என்ற வினாடி வினா விளையாட்டுக்குக் கட்டணம் வைத்தபோது கூட்டம் கலைந்தது. பிறகு அதை இலவசமாக்கிக் கதாபாத்திரத்துக்கான பொருள்களை விற்றார்கள். இன்று செல்பேசி விளையாட்டுகளில் உலகம் முழுவதும் பரவியிருக்கும் வியாபார முறைக்கு இது ஒரு முன்னோடி என்பது குறிப்பிடத்தக்கது.

பலன் உடனே தெரிந்தது. வெளிவந்த ஓராண்டுக்குள் பீசி பாங்குகளில் ஸ்டார்கிராஃப்டையே பின்னுக்குத் தள்ளியது. ஸ்டார்கிராஃப்ட் பெரும்பாலும் இளைஞர்களின் விளையாட்டு. கார்ட்ரைடரைப் பள்ளிப் பிள்ளைகள், பெண்கள், பெற்றோர் எல்லோரும் விளையாடினார்கள். கொரியப் பத்திரிகைகள் அதை 'தேசிய விளையாட்டு' என்றே எழுதின.

பள்ளிச் சிறுவன் சாம்பியன்

2005-ல் கார்ட்ரைடருக்கென்று ஒரு லீக் தொடங்கியது. தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. இந்த லீக்கில் புகழ் பெற்றவர் மூன் ஹோ ஜூன். 1997-ல் பிறந்த இவர் 2006-ல் போட்டிக்கு வந்தபோது ஆரம்பப் பள்ளி மாணவர். அடுத்த வருடமே பட்டம் வென்றார். பின்னர் அவரை 'கார்ட் பேரரசர்' என்றே ரசிகர்கள் அழைத்தார்கள். 2020-ல் ஓய்வு பெறும் வரை பல பட்டங்கள் வாங்கினார். ஒருவருடைய குழந்தைப் பருவமும் இளமையும் ஒரே விளையாட்டுக்குள் கழிந்திருக்கிறது.

நடுவில் விளையாட்டு மங்கிய காலமும் உண்டு. ஆனால் 2018, 2019 வாக்கில் இணைய ஒளிபரப்பாளர்களால் மறுபடியும் கூட்டம் வந்தது. சிறுவயதில் விளையாடியவர்கள் வேலைக்குப் போகும் வயதில் திரும்பி வந்தார்கள். 2019-ல் லீக்கின் இறுதிப் போட்டி சியோல் ஒலிம்பிக் பூங்காவின் ஹேண்ட்பால் அரங்கில் நடந்தது.

சீனாவிலும் தைவானிலும் கூட கார்ட்ரைடர் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2008-ல் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் 'க்யூக்யூ ஸ்பீட்' என்ற தன் சொந்தப் பந்தய விளையாட்டை இறக்கியது. அமெரிக்காவில் மட்டும் எடுபடவில்லை. அங்கே 2007-ல் சோதனை அளவில் வந்து 2008-லேயே மூடப்பட்டது.

முடிவு

2019-ல் நெக்ஸான் 'கார்ட்ரைடர்: டிரிஃப்ட்' என்ற புதிய பதிப்பை அறிவித்தது. கணினி, செல்பேசி, கேம் கருவி எதில் இருந்தாலும் ஒன்றாக விளையாடலாம் என்பது அதன் சிறப்பு. 2023 ஜனவரியில் அது வெளியானது. புதியது வருவதால் பழையதை மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு 2022 டிசம்பரில் வந்தது.

ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 2023 ஜனவரியில் தயாரிப்புக் குழுத் தலைவர் நேரலையில் தோன்றி விளக்கம் சொன்னார். நிஜப் பணம் கொடுத்து வாங்கிய பொருள்களுக்குப் பணம் திருப்பித் தர ஏற்பாடு செய்யப்பட்டது. பணத்தைத் திருப்பித் தரலாம். ஆனால் பதினெட்டு வருடப் பழக்கத்துக்கு என்ன விலை? மார்ச் 31 வந்தது, கதவு சாத்தப்பட்டது.

புதிய பதிப்பும் நிலைக்கவில்லை என்பதுதான் சோகம். கார்ட்ரைடர் டிரிஃப்டும் 2025 அக்டோபரில் மூடப்பட்டது. பழைய விளையாட்டையே 'கார்ட்ரைடர் கிளாசிக்' என்ற பெயரில் கொண்டுவரத் தயாராகிறோம் என்று நிறுவனம் அந்த வருடம் அறிவித்தது. எதற்காகப் பழையதை மூடினார்களோ அது போய், பழையதற்கே திரும்ப வேண்டி வந்தது!

வண்டி யாருடையது?

1992-ல் வாங்கிய சூப்பர் மாரியோ கார்ட் கேட்ரிட்ஜ் பரணில் இருந்தால், தூசி தட்டிப் பழைய கருவியில் செருகினால் இன்றும் ஓடும். மாரியோ கார்ட் டிஎஸ்ஸின் இணைய வசதி 2014 மே மாதம் நிறுத்தப்பட்டது. ஆனாலும் தனியாக விளையாட முடியும், பக்கத்தில் இருப்பவரோடும் விளையாட முடியும். கார்ட்ரைடர் அப்படியில்லை. கணினியில் இருந்தது பாதி விளையாட்டுதான். மீதிப் பாதி நெக்ஸானின் சர்வரில் இருந்தது. குறுந்தகடு இல்லாததால்தான் அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. அதே காரணத்தால்தான் கடைசியில் யார் கையிலும் எதுவும் மிஞ்சவில்லை.

இலவச விளையாட்டுக்கு மட்டும் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 மார்ச் 31 அன்று, யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை மூடியது. 2014-ல் மக்கள் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு அது. தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் தேவை என்பதால் அதுவும் மொத்தமாகப் போனது. அதன் பிறகு அமெரிக்கரான ராஸ் ஸ்காட் 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுக்கும் மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. நிறுவனம் சர்வரை என்றென்றும் நடத்த வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவர்கள் தாங்களே தொடர்ந்து விளையாட ஒரு வழி விட்டுச் செல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை.

அது முடியாத காரியமும் இல்லை. லினக்ஸின் சின்னமான டக்ஸ் என்ற பென்குயினை வைத்து ஸ்டீவ் பேக்கர் 2000-ல் 'டக்ஸ்கார்ட்' என்ற சிறு விளையாட்டை எழுதினார். அதை மேம்படுத்த 2004-ல் நடந்த ஒரு முயற்சி தகராறில் நின்றது. மூல நிரல் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் 2006-ல் ஜோர்க் ஹென்ரிக்ஸ் என்பவர் அதை எடுத்து மறுபடியும் உயிர் கொடுத்தார். அதுதான் 'சூப்பர்டக்ஸ்கார்ட்'. 2019-ல் வந்த அதன் 1.0 பதிப்பில் இணையப் பந்தயமும் சேர்ந்தது. இதன் சர்வரை யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியிலேயே நடத்தலாம். அழகிலும் கூட்டத்திலும் கார்ட்ரைடருக்கு அருகில் கூட வராது. ஆனால் எந்த ஒரு நிறுவனமும் ஒரு மார்ச் 31-ஆம் தேதி குறித்து இதை மூடிவிட முடியாது.

கொரியாவில் ஒரு தலைமுறை இலவசமாக உள்ளே நுழைந்து பதினெட்டு வருடம் வண்டி ஓட்டியது. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. ஆனால் ஓட்டிய வண்டி வாடகை வண்டி என்பது, சாவியைத் திருப்பிக் கேட்ட அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.