மர்மதேசம் படைத்த இந்திரா சௌந்தர்ராஜன்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10ஆம் தேதி மதுரையம்பதியில் காலஞ்சென்ற நாவலாசிரியர் ஸ்ரீ இந்திரா சௌந்தர்ராஜன் அவர்களுடைய சரிதத்தை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்கப் புகுகின்றோம். அரசர், புலவர், அடியார், கொடையாளர் ஆகியோருடைய வரலாறுகளே இப்பத்திரிகையில் வருவது வழக்கமாயிருக்க, தொலைக்காட்சிக்குக் கதை வகுத்த ஒருவரை அவ்வரிசையில் வைப்பது தகுமோ என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். தகும் என்றே நாம் கருதுகின்றோம். அண்ணாமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

இவர் 1958ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி சேலத்தில் பிறந்தவர். இயற்பெயர் சௌந்தர்ராஜன். இந்திரா என்பது அவரைப் பெற்ற அன்னையாரின் பெயர். தந்தையார் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுக்கொள்ளுதல் நம் நாட்டு வழக்கமாயிருக்க, இவர் தாயார் பெயரை முழுவதுமாகத் தம் பெயர்க்கு முன் தாங்கி எழுதலானார். எழுதியவர் ஒரு பெண்மணி போலும் என்று புதிதாய்ப் படிப்போர் மயங்குவதற்கும் இஃது இடமாயிற்று. மதுரையையே தமக்கு ஊராக அமைத்துக்கொண்டார். சினிமாவும் தொலைக்காட்சியும் சென்னையிலேயே குடிகொண்டிருக்க, இவரோ கோயிலும் திருவிழாவும் மலிந்த பாண்டிநாட்டுத் தலைநகரில் இருந்துகொண்டே அவ்விரண்டிற்கும் எழுதியவர். இவர் கதைகளில் வரும் கோபுரமும் மலைக்காடும் காவல் தெய்வமும் நேரிற் கண்டறிந்தவைபோல் தோன்றுவதற்கு அவ்வாழ்க்கையும் ஒரு காரணமாகலாம்.

இவர் எழுத வந்த காலம் மாதநாவல்களின் காலம். 1980ஆம் ஆண்டுகளில் கைக்கு அடக்கமான அச்சிறு புத்தகங்கள் பேருந்து நிலையத்துக் கடைகளிலும் புகைவண்டி நிலையங்களிலும் தோரணம்போல் தொங்கின. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா முதலியோர் அத்துறையில் கொடிகட்டிப் பறந்தனர். கொலை ஒன்று நிகழும், துப்பறிவோன் வருவான், தடயங்களைத் தொகுப்பான், குற்றவாளி அகப்படுவான். இப்பாதை நன்கு செப்பனிடப்பட்டிருந்தும் சௌந்தர்ராஜன் அதனை அப்படியே பின்பற்றினாரில்லை. துப்பறியும் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் சென்ற இடங்கள் வேறு. பாழடைந்த கோயிலின் கருவறை, சித்தர் தவஞ்செய்ததாகச் சொல்லப்படும் குகை, ஜமீன் அரண்மனையின் பூட்டிய அறை, ஏடுகள் அடங்கிய பரண், எல்லைச் சாமியின் திடல் ஆகியவை அவருடைய களங்கள்.

மர்மக் கதைக்கு நம் ஜில்லாவிலேயே ஒரு முன்னோடி உண்டென்பதை இளைஞர் பலர் அறியார். ஆரணி குப்புசாமி முதலியார் என்பவரே அவர். ஆனந்தபோதினிப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்து 1925இல் மறைந்த அவர், ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களின் கதைகளைத் தழுவித் தமிழுடை உடுத்திப் பல நாவல்களை வெளியிட்டார். இரத்தினபுரி இரகசியம் என்னும் அவருடைய நூலை நம் முன்னோர் இரவு விளக்கெரித்துப் படித்தனர். அவரை அடுத்து வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவ்வழியில் பெரும்புகழ் எய்தினார். ஆரணியார் அயல்நாட்டு இரகசியத்தை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மறைந்து எழுபது ஆண்டுகள் ஆனபின், நம் வீட்டிலேயே இரகசியம் இருக்கிறதே என்று காட்டியவர் சௌந்தர்ராஜன்.

தொலைக்காட்சி சென்னைக்கு வந்தது 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி. நெடுங்காலம் அரசாங்கத்தின் தூர்தர்ஷன் ஒன்றே இருந்தது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி சன் டிவி தொடங்கப்பெற்ற பின்னர், தமிழ்த் தொடர்களுக்குப் பெரும் தேவை உண்டாயிற்று. திரையுலகில் பேர்பெற்ற இயக்குநர் கே. பாலசந்தர் தமது மின்பிம்பங்கள் நிறுவனத்தின் வாயிலாகச் சின்னத்திரையிலும் கால்வைத்தார். அந்நிறுவனத்தின் தயாரிப்பாக, நாகா என்னும் இயக்குநர் கைவண்ணத்தில், 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ‘மர்மதேசம்’ என்னும் தலைப்பில் கதைகள் ஒளிபரப்பாயின. அவற்றுள் முதலாவது ‘ரகசியம்’. சித்தர் அமைத்த நவபாஷாண லிங்கத்தையும் பைரவர் கோயிலையும் சுற்றி அக்கதை பின்னப்பட்டது. நவபாஷாணமாவது, ஒன்பது வகை நஞ்சுகளைப் பக்குவப்படுத்திக் கட்டியதென்று சித்த வைத்தியர் கூறும் பொருள். பழனியாண்டவர் திருவுருவத்தைப் போகர் அப்பொருளால் ஆக்கினார் என்பது ஐதிகம். இச்செய்தி நம் நாட்டார் செவிவழி அறிந்ததே. அதனையே கள்வரும் ஆராய்ச்சியாளரும் மருத்துவரும் தேடி அலையும் பொருளாக்கி, வாரந்தோறும் ஒரு முடிச்சாக அவிழ்த்தமையே புதுமை.

அடுத்து வந்ததே ‘விடாது கருப்பு’. ‘விட்டு விடு கருப்பா’ என்ற அவருடைய நாவலே அதற்கு மூலம். இக்கதையைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். கிராமம் ஒன்றில் கருப்பசாமி காவல் தெய்வம். தவறு செய்தோர் தண்டனை அடைகின்றனர். இரவில் வெள்ளைக் குதிரைமேல் ஓர் உருவம் வருகின்றது. ஊரார் கருப்பு என்கின்றனர், கற்றோர் நகைக்கின்றனர். கதையோ இரண்டு காலங்களில் மாறி மாறி நடக்கின்றது. ஒருபால் சிறுவன் ஒருவனின் இளமைப் பருவம். மற்றொருபால் பல ஆண்டுகளுக்குப் பிற்பட்ட நிகழ்காலம். தொடர் வந்து கால் நூற்றாண்டு கழிந்துவிட்டமையால் முடிவை உடைத்துச் சொல்வதில் குற்றமில்லை. தண்டித்தவன் மனிதனே. இளமையில் உள்ளத்தில் பதிந்த அச்சமும் பக்தியும் அவனை இரண்டு ஆளாகப் பிளந்துவிட்டன. ஓர் ஆள் செய்வதை மற்றோர் ஆள் அறியான். இதனை மனநூல் வல்லார் ஒருவகை நோய் என்பர். ஆயினும், கருப்பு பொய் என்று கதை சாதிப்பதில்லை. மருத்துவர் சொல்லும் விளக்கமும், ஊர்க்கிழவி சொல்லும் விளக்கமும் ஒன்றையொன்று அழியாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எதனைக் கொள்வது என்பது காண்போர் பாடு. பிடித்த பிடியை விடாத எதனைக் குறித்தும் ‘விடாது கருப்பு’ என்று பேசும் வழக்கு தமிழ்நாடெங்கும் பரவியதற்கு இத்தொடரும் பெரிதும் துணையாயிற்று.

பின்னர் சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும் என்பன மர்மதேசத் தலைப்பிலேயே வந்தன. ருத்ர வீணை, சிவமயம் ஆகியவையும் இவர் பெயரைப் பரப்பின. அனைத்தையும் ஈண்டு எண்ணிக் காட்டுவது நம் நோக்கமன்று.

ஆனால் இத்தொழிலின் இயல்பைச் சொல்லாமற் போகலாகாது. நாவல் எழுதுவோன் தனியே அமர்ந்து எழுதுகின்றான். ஒரு பக்கத்தில் மலையை நிறுத்தலாம், மறுபக்கத்தில் அதனை அகற்றலாம், செலவில்லை. தொலைக்காட்சிக்கு எழுதுவோனுக்கு அச்சுதந்திரம் இல்லை. அரைமணி நேரம் என்று பெயர். விளம்பரங்கள் கழித்தால் எஞ்சுவது சிறிதே. ஒவ்வொரு விளம்பரத்துக்கு முன்னும் ஒரு கொக்கி வேண்டும். வார இறுதியில் பெருங்கொக்கி வேண்டும். ஏழு நாள் இடைவெளியில் காண்போர் மறந்துவிடவும் கூடாது. பத்திரிகைத் தொடர்கதைகளில் ‘தொடரும்’ என்று முடிக்கும் கலையில் வளர்ந்த எழுத்தாளருக்கே இது எளிதாய் வந்தது. கல்கி அவர்கள் காலமுதல் தமிழர் வாரம் காத்திருந்து கதை படித்துப் பழகியவர்கள். அப்பழக்கத்தைத் தாளிலிருந்து திரைக்கு மாற்றினார் இவர் என்று சொல்லலாம். 1999ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய சித்தி முதலிய நெடுந்தொடர்கள் நாள்தோறும் வரும் முறையை வேரூன்றச் செய்த பின்னர், வாரத் தொடரின் அடர்த்தி குன்றிவிட்டது. நாள்தோறும் கறி சமைப்பவரிடம் விருந்துச் சுவையை எதிர்பார்த்தல் எங்ஙனம்?

நாள்தொடரிலும் இவருடைய கதை ஒன்று தனித்து நின்றது. தேவதாசி மரபில் வந்த பெண்களின் துயரத்தைப் பொருளாகக் கொண்ட ‘கிருஷ்ணதாசி’ 2000ஆம் ஆண்டளவில் சன் டிவியில் வந்தது. 2016இல் அதே பெயரில் ஹிந்தியிலும் எடுக்கப்பட்டது. அதே பொருளைத் தழுவிய ‘சிருங்காரம்’ என்னும் திரைப்படத்திலும் இவருடைய எழுத்து உண்டு. அப்படம் இசை, ஒளிப்பதிவு, நடன அமைப்பு ஆகிய மூன்றுக்கும் தேசிய விருதுகள் பெற்றது. ஒரு குலத்துப் பெண்களைக் கோயிலின் பெயரால் கட்டி வைத்த வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. குல வரலாற்றைப் போற்றும் சங்கங்கள் பெருமைக்குரிய ஏடுகளை மட்டும் புரட்டுவது வழக்கம். இக்கதைகளோ புரட்ட விரும்பாத ஏட்டையும் புரட்டின. இதனை நாம் மறைத்தலாகாது. ‘என் பெயர் ரங்கநாயகி’ என்னும் நாவலுக்குத் தமிழ்நாடு அரசின் பரிசும் கிடைத்தது. நாகாவுடன் மீண்டும் சேர்ந்து 2010இல் ஆனந்தபுரத்து வீடு என்ற படத்திலும் பணியாற்றினார். பிற்காலத்தில் ஆன்மிகச் சொற்பொழிவில் மிகுதியாக ஈடுபட்டார். காஞ்சிப் பெரியவரைப் பற்றிய அவருடைய உரைகளுக்குப் பெருங்கூட்டம் கூடியது.

இனி, முன்னர்ச் சொல்வதாக நிறுத்திய காரணத்துக்கு வருவோம். நம் ஊர் முழுதுமே ஒரு மர்மதேசம். இடைக்காட்டுச் சித்தர் இம்மலையில் அடங்கினார் என்கிறோம். அருணகிரிநாதர் கிளியுருவாய்க் கோபுரத்தில் அமர்ந்தார் என்று கிளிகோபுரத்தைக் காட்டுகிறோம். கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டரில் கதை இல்லாத கல் ஒன்றுண்டோ? இவற்றைப் பிள்ளைகள் கேட்டு, ‘இது மெய்யா?’ என்று வினவும்போது நாம் சினந்து வாய்மூடச் செய்கிறோம். அல்லது கற்ற பிள்ளை ‘எல்லாம் கட்டு’ என்று எள்ளி நகர்கின்றான். இரண்டும் நன்றன்று. வல்லாள மகாராஜா கதையைப் பாருங்கள். மகப்பேறற்ற அவருக்கு அருணாசலேசுவரரே மகவாயினார் என்றும், அதனாலேயே மாசிமகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அவருக்குத் திதி கொடுக்கின்றார் என்றும் சொல்கிறோம். கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் என்பவர் மெய்யாகவே நம் ஊரைத் தம் தலைநகர்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தார்; 1342-43இல் மதுரை சுல்தானோடு பொருது பிடிபட்டுக் கொல்லப்பட்டார்; அவர் உடலின் தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டதாக யாத்திரிகர் இபுன் பதூதா எழுதி வைத்திருக்கின்றார். அந்திமக் கிரியைக்கு உடலே கிட்டாத அரசருக்கு ஆண்டுதோறும் ஆண்டவனே கிரியை செய்கின்றான் என்னும் வழக்கத்தின் உள்ளே எத்துணைத் துயரம் புதைந்துள்ளது! ஐதிகத்தைத் தள்ளாமலும், அதனையே வரலாறென்று கொள்ளாமலும், உள்ளே இருப்பதைத் தோண்டிப் பார்க்கும் நோக்கு இதுவே. விடாது கருப்பு முதலிய கதைகளில் சௌந்தர்ராஜன் பொதுமக்களுக்குப் பழக்கிய நோக்கும் ஏறக்குறைய இதுவே.

ஏறக்குறைய என்றது வேண்டுமென்றே. நாவலாசிரியருக்குக் கல்வெட்டுச் சான்று வேண்டுவதில்லை, கற்பனை போதும். அவர் நூல்கள் மிகப்பல; விரைந்து எழுதப்பட்டவையும் அவற்றுள் உண்டு; சில இடங்களில் ஏடும் சித்தரும் கதையின் முடிச்சை அவிழ்க்க வேலையாட்கள்போல் வந்து போகின்றனர். பிற்கால நூல்களில் ஐயுறும் மருத்துவரின் குரல் தணிந்து, நம்பும் கிழவியின் குரலே ஓங்கிற்று என்பது நம் அபிப்பிராயம். அதனினும் கவலைக்குரியது, கதையில் வந்ததைத் தலபுராணத்தில் உள்ளதாகவே யாத்திரிகரிடம் சொல்வோர் கோயிலூர்களில் பெருகிவருவது. இக்குற்றம் எழுதியவருடையதன்று, அவர் நாவல் என்று அட்டையிலேயே அச்சிட்டார். தலவரலாறு எழுதுவோர் கல்வெட்டு, செப்பேடு, பழைய நூல் ஆகியவற்றையே சான்றாகக் கொள்ளல் வேண்டும், தொலைக்காட்சியை அன்று.

அவர் காலமானபோது, 66ஆவது பிறந்த நாளுக்கு மூன்று நாட்களே இருந்தன. மர்மதேசம் இப்பொழுது யூடியூபில் கிடைக்கின்றது. நம் வீட்டுப் பெரியோர் வாரம் வாரமாகக் காத்திருந்து கண்டதை, பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் இரண்டு இரவுகளில் கண்டு முடிக்கின்றனர். திரைத்தொடர்க்கு அவ்வாழ்வு கிட்டியது; மாதநாவல்களுக்கோ கிட்டவில்லை. மட்டமான தாளில் அச்சிட்ட அப்புத்தகங்கள் பழுப்பேறிப் பழைய காகிதக் கடைகளில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இவருடையவையும், இவர் காலத்துப் பிறருடையவையும், ஆரணியார், வடுவூரார் ஆகியோரின் பழம்பதிப்புகளும் அன்பர்கள் வீட்டுப் பரண்களில் இருக்குமாயின், எடைக்குப் போடுமுன் நம் சங்க நூல்நிலையத்துக்கு ஒரு சொல் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். அட்டை கிழிந்தவையாயினும் ஏற்றுக்கொள்ளப்படும்.