பருத்திப்பூவின் மஞ்சளும் கரைப்பான் தேர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

பரவையை உள்ளடக்கிய மதுரைச் சமவெளியின் தென்பகுதியில், திருமங்கலம் நோக்கி விரியும் கரிசலில் பருத்தி நெடுங்காலப் பயிர். நாட்டுப் பருத்தியின் பூ மஞ்சள் நிறத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பரவிய கம்போடியப் பருத்தியின் பூ வெளிறியது. மறுநாள் சிவந்து வாடும். உழவர் நன்கறிந்த இவ்வேறுபாடு வேதியியல் வினாவாக மாறிய வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அதில் கண்டறியப்பட்ட சேர்மங்களின் பெயர்கள் உண்டு. அவற்றைப் பூவிலிருந்து பிரித்துத் தந்த கரைப்பான்களுக்கு இடமில்லை.

இந்தியப் பருத்திப்பூவிலிருந்து காசிபெட்டின் என்னும் நிறமியை 1899இல் ஏ. ஜி. பெர்க்கின் பிரித்தார். குளித்தலையில் 1900இல் பிறந்து, மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் பயின்ற டி. ஆர். சேஷாத்ரி, 1930களில் வால்டேர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கே. நீலகண்டத்துடன் இவ்வாய்வைத் தொடர்ந்தார். கம்போடியப் பருத்தியும் அவர்களது ஆய்வுப் பொருள்களுள் ஒன்று.

குவர்செட்டின், ஹெர்பாசெட்டின், காசிபெட்டின் ஆகிய மூன்றும் ஹைட்ராக்சில் தொகுதிகளின் எண்ணிக்கையிலும் இடத்திலும் மட்டுமே வேறுபடுவன. குவர்செட்டினின் எட்டாம் இடத்தில் மேலும் ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்தால் காசிபெட்டின். பூவில் இவை பெரும்பாலும் சர்க்கரையுடன் பிணைந்து கிளைக்கோசைடுகளாக உள்ளன. தேர்வின் சிக்கல் இங்கேதான் எழுகிறது. சர்க்கரை பிணைந்த வடிவம் சூடான ஆல்ககாலில் கரையும். ஈதரில் அரிதாகவே கரையும். சர்க்கரை நீங்கிய வடிவத்தை ஈதர் நீர்க்கரைசலிலிருந்து ஈர்த்துக்கொள்ளும். ஆகவே ஆல்ககாலில் சாறெடுத்து, செறிவாக்கி, பெட்ரோலிய ஈதரால் மெழுகையும் பச்சையத்தையும் அகற்றி, பின் ஈதர், எத்தில் அசெட்டேட் எனப் படிப்படியாகச் செல்வது வழக்கமாயிற்று. பென்சீனும் குளோரோஃபார்மும் ஹைட்ராக்சில் மிகுந்த இந்நிறமிகளுக்கு உதவா. மெத்தாக்சி தொகுதி ஏறிய ஃபிளேவோன்களுக்கு மட்டும் பொருந்தும். ஈதரில் தொடங்கிய ஆய்வாளர் பூவில் கிளைக்கோசைடே இல்லை என்று முடிவுகட்டியிருக்கக்கூடும்.

காரக்கரைசல் இவற்றையெல்லாம் எளிதில் கரைக்கும். ஆனால் காசிபெட்டின் காரத்தில் காற்றுப்பட்டு விரைவில் ஆக்சிஜனேற்றம் அடையும், நிறம் மாறும். நன்கு கரைவதும் சிதையாமல் கரைவதும் வேறுவேறு. இன்று உயிரியல் சோதனைகளில் டைமெத்தில் சல்பாக்சைடைக் கேள்வியின்றிப் பயன்படுத்தும் ஆய்வேடுகள் பல, அக்கரைப்பான் செல்லில் தானே விளைக்கும் மாற்றத்தைத் தனிக்கட்டுப்பாட்டால் பிரித்துக் காட்டுவதில்லை. அவற்றில் சாறெடுத்த கரைப்பானின் பெயர் இருக்கும், காரணம் இராது.

1948இல் ஈ. சி. பேட்-ஸ்மித் பூநிறமிகளுக்குத் தாள்வண்ணப்பிரிகையைப் பயன்படுத்தினார். பின்னர் ஃபிளேவனாய்டு ஆய்வில் நிலைபெற்ற பியூட்டனால், அசெட்டிக் அமிலம், நீர்க் கலவை (4:1:5), நிறமிகளைக் கரைக்கும் பணியோடு அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்கும் பணியையும் ஏற்றது. வால்டேரில் பல நாள் படிகமாக்கலால் முடிந்த பிரிப்பு, ஒரு தாள்துண்டில் ஓரிரவில் கண்ணுக்குத் தெரியலாயிற்று.