சுவரில் மாட்டிய படத்துக்கு எதுக்கு சார் கார்பன் கணக்கு?

பழைய மாணவி ஒருத்தி நேற்று போனில் கேட்டாள். “சார், ஓவிய அருங்காட்சியகங்கள் கூட கார்பனைக் குறைக்கப் போறோம்னு சொல்றாங்களே, சுவரில் படம் மாட்டி வச்சா என்ன புகை வரப்போகுது?”

நியாயமான கேள்விதான். பதில் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. அந்தப் போரை எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கதையை மட்டும் வகுப்பில் சொன்னதே இல்லை.

1939இல் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் நேஷனல் கேலரி தன் ஓவியங்களை வேல்ஸ் பகுதிக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு கனடாவுக்குக் கப்பலேற்றும் யோசனை வந்தபோது சர்ச்சில் மறுத்துவிட்டார். 1941இல் மானோட் மலையின் சிலேட்டுக் குவாரிக்குள் செங்கல் அறைகள் கட்டி ஓவியங்களை அங்கே கொண்டு போனார்கள். மலைக்குள் ஒரே குளிர், ஈரம். அறைக் காற்றைச் சூடாக்கி, வெப்பம் 17 டிகிரி, ஈரப்பதம் 42 சதவீதம் என்று இரவு பகலாக ஒரே நிலையில் வைத்திருந்தார்கள்.

மழைக்காலத்தில் நம் வீட்டு மரக்கதவு உப்பி இறுகிக்கொள்ளும், கோடையில் தளர்ந்துவிடும் அல்லவா? பலகையில் தீட்டிய பழைய ஓவியங்களுக்கும் இதே கதிதான். மரம் உப்பிச் சுருங்கும்போது மேலே காய்ந்த வண்ணம் ஈடுகொடுக்காமல் செதில் செதிலாக உதிரும். குவாரிக்குள் அந்த உதிர்வு வெகுவாகக் குறைந்தது. 1945இல் லண்டன் திரும்பியதும் மறுபடி அதிகமானது.

காரணம் புரிந்துவிட்டது. போருக்குப் பின் கேலரிக்குள் குளிர்பதன வசதி வந்தது. போகப் போக, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, ஐந்து கூடலாம் குறையலாம், அதற்கு மேல் அசையக்கூடாது என்பது உலக அருங்காட்சியகங்களின் வேதவாக்கானது. ஓவியத்தை இரவல் கொடுப்பவர்களும் இதையே நிபந்தனையாக வைத்தார்கள். வெளியே பனியோ பாலைவனமோ, உள்ளே இயந்திரம் 24 மணி நேரமும் ஓட வேண்டும். மாணவி கேட்ட புகை இங்கிருந்துதான் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், நேஷனல் கேலரியின் அறிவியல் ஆலோசகர் கேரி தாம்சன் 1978இலேயே தன் நூலில் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த ‘ஐந்து’ பெரும்பாலும் இயந்திரத்தால் எவ்வளவு முடியும் என்பதை வைத்து வந்தது, ஓவியம் எவ்வளவு தாங்கும் என்பதை ஆழமாக அறிந்து வைத்ததல்ல என்று. ஆனாலும் பெரிய அருங்காட்சியக இயக்குநர்களின் பீஸோ குழு 40 முதல் 60 சதவீதம், 16 முதல் 25 டிகிரி பெரும்பாலான பொருட்களுக்குப் போதும் என்று தளர்த்த 2015 வாக்கில் ஆகிவிட்டது.

2019 ஜூலையில் லண்டனின் டேட் காலநிலை அவசரநிலையை அறிவித்து, 2023க்குள் குறைந்தது 10 சதவீதம் குறைப்பதாக உறுதி கூறியது. அதன் டேட் மாடர்ன் இருக்கும் கட்டடம் 1981 வரை எண்ணெய் எரித்த மின்நிலையம். 1990 முதல் 2017 வரை டேட்டுக்கு நிதியுதவி தந்து வந்ததோ பி.பி. எண்ணெய் நிறுவனம். போராட்டக்காரர்கள் பல ஆண்டுகள் உள்ளேயே நின்று குரல் கொடுத்த பிறகுதான் அந்த உறவு முடிந்தது.

ஓவியங்களைக் காக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் போர்க்காலத்தில் பயத்தோடு கண்டுபிடித்த நல்ல வழி, பின்னால் யாரும் கேள்வி கேட்காத பழக்கமாகிவிட்டது. நம் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் அப்படி எத்தனை விதிகள்! “ஏன் இந்த எண்?” என்று ஒருவர் கேட்டிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும்.

கேள்வி கேட்ட மாணவிக்கு நன்றி. வகுப்பில் விட்டுப்போன பாடம், தாமதமாகவேனும் நடத்தியாயிற்று.